நூறு நாள் மாலை

அந்த வருடம் நான் மாலை போட்டது முருகனுக்காக அல்ல. என் மனைவியின் பக்கத்தில் படுக்காமல் தப்பிப்பதற்காக.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, எந்த ஊரோ… என் கடையில் ஒரு பாட்டில் தைலம் வாங்கிக்கொண்டு போனவராகக்கூட இருக்கலாம். முகம் தெரியாதவரிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. அதுவும் கோழைத்தனம்தான், தெரியும்.

கொடைக்கானலில் ஏரியிலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஏறும் சாலையில் என் கடை. யூக்கலிப்டஸ் தைலம், சாக்லேட், கம்பளிக் குல்லாய். அப்போதே பதினெட்டு வருடமாக அதே இடம், அதே பேச்சு. "சளிக்குக் கேக்கும்க்கா, மூட்டுவலிக்குக் கேக்கும், பூச்சிக்கடிக்குக் கேக்கும். கிருமின்னு ஒண்ணு கிட்டக்க அண்டாது." புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துக் காட்டுவேன். எரிகிறதே என்று யாராவது கையை இழுத்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். "எரியுதுன்னா வேல செய்யிதுன்னு அர்த்தம் சார்."

இந்த வசனத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி ஒருநாள் நானே அதை நம்பிவிட்டேன்.

என் மனைவி பெயர் தனம். ஆயக்குடிக்காரி, கொய்யாத் தோப்புக் குடும்பம். எங்களுக்கு ஒரே மகள், அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கார்த்திகை மாதத்தில் ஒருநாள் தனம் குளித்துவிட்டு வந்தவள் என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள்.

"இங்க பாருங்க… உருண்டையா என்னமோ கெடக்கு."

கொட்டைப்பாக்கு அளவு இருந்தது. அழுத்தினால் நழுவியது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தேன். பழனியில் ஒரு மருத்துவரிடம் காட்டினாள். ஊசி வைத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், பத்து நாளில் முடிவு தெரியும் என்றார்கள்.

"நீங்களும் கூட வாங்க" என்றாள்.

"சீசன் ஆரம்பிச்சிருச்சு. கடைய யாரு பாக்குறது?"

அவள் துவைத்த சட்டை ஒன்றை எடுத்தாள். அதை மடித்துக்கொண்டே, "அப்ப எனக்காக ஒரு மாலையாச்சும் போடுங்க. எங்க அண்ணன் வருசா வருசம் போடுது. நீங்க ஒருக்காக்கூடப் போட்டதில்ல" என்றாள்.

"இருக்கிற சோலில மாலையா? நீ வேற" என்றேன்.

அவ்வளவுதான். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு ஆயக்குடிக்கு இறங்கிப் போய்விட்டாள். அம்மா வீட்டில் நான்கு நாள் இருந்து, அண்ணன் துணையோடு ஊசிப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

அந்த நான்கு நாளில் இரண்டாவது நாள்தான் அது நடந்தது.

அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவள் இந்தக் கதையில் குற்றவாளி இல்லை. திருப்பூரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவள், என் வயதுதான் இருக்கும். கணவனை விட்டு விலகி ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து தைலம் வாங்கிப் போவாள். அன்று மலைப்பாதையில் மரம் விழுந்து பேருந்துகள் நின்றுவிட்டன. பகல் பன்னிரண்டு மணிக்கே பனி இறங்கி, எதிர்க்கடை கண்ணுக்குத் தெரியவில்லை. கடைக்கு மேலே எனக்கு ஒரு அறை உண்டு. சாப்பாடு வாங்கிவந்து சாப்பிட்டோம். பேசிக்கொண்டிருந்தோம்…

வற்புறுத்தல் இல்லை, மயக்கம் இல்லை. இரண்டு பேருக்கும் தெரிந்தேதான் நடந்தது. நான்கு மணிக்கு மரத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. அவள் பேருந்து ஏறிப் போய்விட்டாள். அந்த மரத்தைப் பின்னால் பலநாள் திட்டியிருக்கிறேன். மரம் என்ன செய்யும்!

ஆணுறை என்ற ஒன்று உலகத்தில் இருப்பது அவள் போன பத்தாவது நிமிடம்தான் என் ஞாபகத்துக்கு வந்தது.

அதோடு பயமும் வந்தது. அவளுக்கு ஏதாவது இருந்தால்? எனக்கு ஒட்டியிருந்தால்? அறையின் நடுவில் நின்று யோசித்தேன். கீழே கடை நிறைய மருந்து இருக்கிறது என்று தோன்றியது. இறங்கிப் போய், எதுவும் கலக்காத முதல் தரமான தைலத்தை எடுத்துவந்தேன். சுற்றுலா வருபவர்களுக்கு நான் கொடுப்பது அது இல்லை, அது வேறு. அதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

உள்ளங்கை நிறைய ஊற்றி, போடக்கூடாத இடத்தில் போட்டேன்.

அந்த எரிச்சலை எழுத எனக்குத் தெரிந்த தமிழ் போதாது. பல்லைக் கடித்துக்கொண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது: எரியுதுன்னா வேல செய்யிதுன்னு அர்த்தம்.

அன்று மட்டும் என்று நினைக்கிறீர்களா? ஒரு நாளைக்கு மூன்று வேளை போட்டேன். சாப்பாட்டுக்கு முன்னால்.

மறுநாள் சிவந்தது. அதற்கு மறுநாள் தடித்தது, தோல் உரிந்தது, அரித்தது. சிறுநீர் போகும்போது உயிர் போய் வந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வியாதி வந்துவிட்டது, தைலம் அதோடு சண்டை போடுகிறது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். கைபேசியில் தேடினேன். தேடத் தேட ஒவ்வொரு வியாதியும் எனக்கு இருந்தது. படங்களைப் பார்த்துவிட்டுச் சாப்பிட முடியாமல் தட்டை ஒதுக்கினேன். எய்ட்ஸ் என்ற சொல்லை மட்டும் தட்டச்சு செய்துவிட்டு, பொத்தானை அழுத்தத் துணிவில்லாமல் அழித்தேன். பிறகு அழுத்தினேன். இப்போது சோதித்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை சோதித்தால்தான் முழு நிச்சயம் என்று போட்டிருந்தது.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "உனக்கு ஏதாவது சீக்கு இருக்கா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கடையில் யாரையோ இருக்கச் சொல்லிவிட்டு அவள் வெளியே வருவது கேட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள். "உங்களுக்கு ஏதாச்சு இருந்தாச் சொல்லிப்போடுங்க. நானும் போயிப் பாக்கோணுமல்லோ."

அவளுக்கு என்னால் வந்திருக்கலாம் என்பது அதுவரை என் புத்தியில் உறைக்கவே இல்லை. பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு அவள் என் கடைக்கு வரவில்லை.

தனம் மறுநாள் வருவதாக இருந்தது. வந்தால் என் பக்கத்தில்தான் படுப்பாள். அவளுக்கு இருக்கிற கஷ்டத்தில் என் தோளில் சாயத்தான் வருவாள். நான் என்ன சொல்லி விலகுவேன்? காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். வலிய ஒரு சண்டை போட்டால் இரண்டே நாளில் அவளாகச் சமாதானத்துக்கு வந்துவிடுவாள். என்னிடமிருந்து அவளுக்கு எதுவும் ஒட்டக்கூடாது என்ற எண்ணம் எனக்கு நிஜமாகவே இருந்தது. அதை மட்டும் நம்புங்கள். ஆனால் உண்மையைச் சொல்லாமல் அதைச் செய்ய எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் மாலை போட்டவனை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தனிப் பாய், தனித் தட்டு. மனைவி தொட மாட்டாள். ஏன் என்று கேட்கக்கூட மாட்டாள்.

விடிந்ததும் குளித்துவிட்டு எங்கள் தெரு முருகன் கோயிலுக்குப் போனேன். மாலை போட்டுவிடும் குருசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். பதினெட்டு வருடமாகக் கோயில் வாசலைத் தாண்டாதவன்!

"தைப்பூசத்துக்குத்தான?" என்றார்.

"இல்ல சாமி. பங்குனி உத்திரம் வரைக்கும்."

"நூறு நாளுக்கு மேல வருமேப்பா."

"இருக்கட்டும் சாமி."

அவர் கண் கலங்கிவிட்டது. கைபேசி சொன்ன மூன்று மாதத்தைத்தான் நான் மனதில் கூட்டிப் பார்த்திருந்தேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்று மதியம் தனமும் மகளும் வந்து இறங்கியபோது நான் பச்சை வேட்டியும் மாலையுமாக, வெறுங்காலோடு பேருந்து நிலையத்தில் நின்றேன். தனம் ஒரு கையில் கொய்யாப் பையும் ஒரு கையில் மகளுமாக இறங்கியவள், என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பையைக் கீழே வைத்தாள். அத்தனை பேர் பார்க்க என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"முடியாதுன்னு சொல்லிட்டு… எனக்காகப் போட்டுட்டீங்கள்ல" என்றாள். அழுதாள்.

அப்போதாவது நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "முருகன் பாத்துக்குவான்" என்று சொன்னேன்.

அன்றிலிருந்து அவள் என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிட்டாள். வீட்டில் மீன் சட்டியைப் பரணில் ஏற்றினாள். விடியும் முன்னால் எழுந்து வாசல் தெளித்து எனக்குக் குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்தாள். மார்கழியில் கொடைக்கானல் பச்சைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? நான் பாட்டுக்கு மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என் பக்தியைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். உண்மையில் எரிச்சல் அடங்கியது அந்தத் தண்ணீரில் மட்டும்தான்! குளித்து முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் தைலத்தைப் போட்டுக்கொண்டேன்.

கால்களை அகட்டி அகட்டி நடந்தேன். "வெறுங்கால்ல நடக்குறது பழக்கமில்லேல்ல, அதான் சாமிக்கு வலிக்குது" என்று தனம் மகளிடம் சொல்வது காதில் விழுந்தது.

புதன்கிழமை அவள் பரிசோதனை முடிவு வருவதாக இருந்தது. திங்கட்கிழமை காலை, அடுப்படியிலிருந்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "புதன்கிழம நீங்களும் வர்றீங்களா சாமி? எனக்கு என்னமோ பயமா கெடக்கு."

நான் ஏற்கனவே முடிவு செய்திருந்தேன். எனக்கும் ஒரு மருத்துவரிடம் போயாக வேண்டும். கொடைக்கானலில் போக முடியாது, ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வரை என்னைத் தெரியும். பழனி, அவளுடைய சொந்தக்காரர்கள் ஊர். ஒட்டன்சத்திரம் போகலாமென்றால் எங்கள் மலைக் கேரட் மூட்டையோடு தினமும் ஊர்க்காரர்கள் அங்கே இறங்குகிறார்கள். மிச்சம் திண்டுக்கல். அவள் வீட்டில் இல்லாத ஒரே நாள் அந்தப் புதன்கிழமை.

"மாலை போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வரக்கூடாது தனம். நோவும் சாவும் இருக்கிற எடம்" என்றேன்.

அவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆமால்ல… நான் ஒருத்தி, புத்தி கெட்டுப்போயிக் கேட்டுட்டேன். மன்னிச்சிருங்க சாமி."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்த அடுப்படியில்…

புதன்கிழமை வெள்ளனே அவள் பழனிப் பேருந்தில் ஏறினாள். கையசைத்து அனுப்பிவிட்டு, மகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நான் திண்டுக்கல் பேருந்தில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் இருக்கையில் இப்படியும் அப்படியும் உரசி, வத்தலக்குண்டு வருவதற்குள் தெரிந்த சாமி பெயரெல்லாம் சொல்லிவிட்டேன். பார்த்தவர்கள் சாமி ஜெபம் பண்ணுகிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் என் மாலையைப் பார்த்துவிட்டு வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். "சாமி, முன்னாடி போங்க." சீட்டுக் கொடுப்பவர் கேட்டார், "சாமிக்கு என்ன பண்ணுது?" தோல் டாக்டர் என்று மட்டும் சொன்னேன்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மதியம், அந்தப் பெண், என் பயம். அவர் முகம் சுளிக்கவில்லை. திரைக்குப் பின்னால் வரச் சொல்லிப் பார்த்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"இதுல என்ன போட்டீங்க?"

"தைலம்மா."

"என்ன தைலம்?"

"யூக்கலிப்டஸ். ஒரிஜினல்."

"எதுலயும் கலக்காமயா?"

"ஆமாம்மா."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"மூணு… ரெண்டு நாளா நாலு."

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது வியாதி இல்லங்க. வெந்துபோயிருக்கு. நீங்களே வேக வச்சிருக்கீங்க" என்றார். "வேட்டி கட்டியிருக்கிறதால தப்பிச்சீங்க. பேன்ட் போட்டிருந்தா இன்னும் மோசமாயிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று பதினெட்டு வருடம் சொன்ன வாய் அந்த நாற்காலியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

"தைலத்தத் தொடாதீங்க. தேங்காயெண்ணெய், இந்தக் களிம்பு, பச்சத் தண்ணி, அவ்வளவுதான். ஆனா நடந்ததுக்கு ரத்தம் பாத்துரணும். மூணு மாசம் கழிச்சு ஒருக்காப் பாக்கணும். அதுவரைக்கும்…" என்று நிறுத்தினார். "வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"மாலை போட்டிருக்கேம்மா."

"அது தெரியுது. நான் கேட்டது வேற."

நான் மாலையை இழுத்துச் சரிசெய்தேன். அவர் சீட்டில் எழுதி, கிழித்துக் கொடுத்தார். "அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிருங்க, போய்ப் பாத்துக்கட்டும்" என்றார்.

ரத்தம் எடுக்கும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். உள்ளே போக என் கால் வரவில்லை. அங்கே ஆலோசனை சொல்ல உட்கார்ந்திருந்த இளைஞர் எழுந்து வந்து, "வாங்க சாமி. இங்க எல்லாரும்தான் வருவாங்க, வெக்கப்படாதீங்க" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோவும் சாவும் இருக்கும் இடத்துக்கு மாலை போட்டவன் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, மாலையோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

முடிவு வர மதியம் ஆனது. அந்த இளைஞர் என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "நெகட்டிவ் சாமி. எல்லாமே நெகட்டிவ். மூணு மாசத்துல இன்னொருக்கா வாங்க" என்றார்.

வெளியே வந்தேன். ஒரு வேப்பமரத்தடியில் நின்று மூச்சை இழுத்து விட்டேன். பதினொரு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. வெயில் அத்தனை நன்றாக இருந்தது. இளநீர் வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். இன்னொன்று வெட்டச் சொன்னேன்.

அப்போது கைபேசி அடித்தது. தனம்.

"சாமி… ஒண்ணுமில்லையாம். சும்மா கொழுப்புக் கட்டிதானாம். எடுக்கக்கூட வேணாமாம்." பக்கத்தில் அவள் அண்ணன் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. "எல்லாம் உங்க மாலைதான் சாமி."

நான் விம்மி அழுதேன். இளநீர்க்காரர் வெட்டிய காயை நீட்டியபடி நின்றார்.

"அழாதீங்க சாமி. எங்க இருக்கீங்க, ஒரே வண்டிச் சத்தமா கெடக்கு?"

"கடையிலதான். கூட்டம்."

நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இதுதான். வேறொரு பெண்ணோடு இருந்ததை விட, மாலையை ஏமாற்றிப் போட்டதை விட, இதுதான். அன்று விடிந்ததிலிருந்து அவள் பேர் கைபேசியில் வரும் வரை, அவளுடைய கட்டியை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை. ஒருமுறைகூட! என் ரத்தம், என் எரிச்சல், என் முடிவு… அவ்வளவுதான் என் தலைக்குள் இருந்தது. அந்த அழுகையில் அவளுக்காக அழுதது எவ்வளவு என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

ஆறே நாளில் ஆறிவிட்டது. தேங்காயெண்ணெய்தான்! திருப்பூர் எண்ணுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. எனக்கு எதுவும் இல்லை, நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், நான் அப்படிக் கேட்டதற்கு மன்னியுங்கள் என்று செய்தி அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததாகவே காட்டவில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பாள். சரிதான்.

பங்குனியில் திண்டுக்கல்லுக்கு இரண்டாம் முறை போனேன். அதே இளைஞர், அதே சொல். "இனி பயமில்ல சாமி." அன்று பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மலை ஏறுகிற வரைக்கும் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். உயிரோடு இருப்பது இவ்வளவு சுகமா என்று இருந்தது. அந்த நிம்மதியை நான் மறைக்க விரும்பவில்லை. இன்றும் அதை நினைத்தால் உடம்பு லேசாகிறது.

உத்திரத்தன்று பழனிக்குப் போனோம். அடிவாரத்தில் எள் விழ இடமில்லை. படி ஏறுவதற்கு முன்னால் தனம், "முடி எடுக்கணும் சாமி, வேண்டுதல்" என்றாள். பெண்கள் பூமுடி கொடுப்பது வழக்கம்தான், நுனியில் மூன்று விரற்கடை. சரி என்றேன்.

அவள் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள். "மொட்ட" என்றாள்.

முடி எடுப்பவரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. கல்யாணத்தன்று என் அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்த முடி. தண்ணீர் தெளித்து, நடுவில் கத்தி வைத்தார். அது கற்றை கற்றையாக அவள் மடியில் விழுந்தது. மகள் பயந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

சந்தனம் பூசிக்கொண்டு எழுந்தவளிடம், "கட்டிக்கு ஒண்ணுமில்லன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சே. பூமுடி போதாதா?" என்றேன்.

"கட்டிக்கு வேண்டல சாமி."

படி ஏறத் தொடங்கியிருந்தாள். நான் பின்னால் ஏறினேன்.

"அந்தப் புதன்கிழம, ஆஸ்பத்திரில உக்காந்திருக்கைல வேண்டிக்கிட்டேன். நான் ஊருல இருந்து வந்த அன்னைக்கே பாத்தேன், உங்க மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருந்துச்சு. சோறு எறங்கல, நடக்க முடியல, பாயில பொரண்டுக்கிட்டே கெடந்தீங்க. மாலை எனக்காகத்தான் போட்டீங்கன்னு முதல்ல நெனச்சேன். அப்புறம் பாத்தா அது மட்டுமில்ல, சாமிக்கு என்னமோ பெருசா ஒரு கஷ்டம்னு தோணுச்சு. என்னன்னு தெரியல. என் கட்டி எப்படிப் போனாலும் போகட்டும், அவருக்கு என்ன கஷ்டமோ அது தீரட்டும், மொட்ட போடுறேன்னு வேண்டிக்கிட்டேன். அன்னைக்கு போன்ல உங்க கொரலக் கேட்டதுமே தெரிஞ்சுச்சு, தீந்துருச்சுன்னு."

திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். சந்தனம் வழிந்து புருவத்தில் நின்றது. "வெரசா வாங்க சாமி, கூட்டம் ஏறுது."

நான் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்தவர்கள் சாமிக்குத் தலைசுற்றல் என்று விசிறினார்கள். அங்கேயே சொல்லியிருக்கலாம். எழுந்து ஏறினேன்.

நான்கு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம், "தேங்காயெண்ணெயில கலந்து போடுங்க, கண்ட எடத்துல போடாதீங்க" என்று சொல்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு மார்கழியும் தனம் பச்சை வேட்டியைத் துவைத்து மடித்து வைக்கிறாள், நான் மாலை போடுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகத் தூங்குகிறேன், அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

நேற்றுக் காலை அவள் தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முடி இடுப்பை எட்டப் போகிறது. சிக்கெடுக்கக் கை எட்டவில்லை என்று சீப்பை என்னிடம் கொடுத்தாள். நான் வாரிவிட்டேன்.

அந்த வருடம் உங்களுக்கு என்னதான் கஷ்டம் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருக்கிறேன். கேட்க மாட்டாள் என்று தெரிந்துகொண்டே காத்திருக்கிறேன்.